இரண்டரை லிட்டர்

சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் வேர்பிடித்ததில் வெயிலுக்குப் பெரும் பங்கு உண்டு. 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் ஊரில் அதைத் தொடங்கியபோது, கரிசல் காட்டில் மழை பொய்ப்பதே அவர்களுக்குக் கைகொடுத்தது. குச்சி காய வேண்டும், தாள் காய வேண்டும், பசை காய வேண்டும்; பின்னால் பட்டாசு வந்ததும் மருந்தும் காய வேண்டியிருந்தது. வெள்ளாமைக்கு ஆகாத வானம் இந்தத் தொழிலுக்கு ஆகிவந்தது. சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் வட்டாரத்தில் இன்றும் மேகம் திரண்டால் ஆலைக்காரர் முகம் வாடும்.

அந்த வெயிலுக்கு உழைப்பவரின் உடம்பு ஒரு விலை கொடுக்கிறது. வெடிவிபத்து நடந்தால் செய்தி வரும், அமைச்சர் வருவார், நிவாரணம் அறிவிப்பார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு விலாவைப் பிடித்துக்கொண்டு தரையில் புரளும் ஆளைப் பற்றி எந்த நாளிதழும் எழுதுவதில்லை. சிறுநீரகக் கல்லால் ஆள் சாவது அபூர்வம் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் அறை எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டிய சின்ன அறைகள். ஓடித் தப்பிக்க வசதியாக வாசல்கள். தரையில் ரப்பர் விரிப்பு. செருப்பு வெளியே, செல்போன் கேட்டிலேயே. உடுப்பு பருத்தியாக இருக்க வேண்டும். உள்ளே நான்கு பேருக்கு மேல் கூடாது. மின் இணைப்பு இல்லாததால் மின்விசிறியும் கிடையாது. ஒரு பொறி போதும் எல்லாம் முடிய என்பதால் அந்தக் கட்டுப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. மருந்துக் கலவையை வெயில் ஏறுமுன் முடிக்கப் பார்ப்பார்கள். செலுத்துவது, திரி வைப்பது, சரம் பின்னுவது எல்லாம் பகல் முழுக்க நடக்கும். கூலி பெரும்பாலும் பீஸ் ரேட். காலடியில் ஒரு தண்ணீர் பாட்டில். கழிப்பறை தள்ளி இருக்கும். போய் வரும் நேரம் கூலியில் கழியும். “தண்ணியக் குடிச்சா எந்திரிச்சுப் போகணும்ல?” என்பது அங்கே சாதாரணமாகக் காதில் விழும் கணக்கு. இந்தக் கணக்கை உடம்பு எப்படிப் போடுகிறது என்று பார்ப்போம்.

நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு மீண்டும் இரத்தத்துக்கே திரும்பிவிடும். மிச்சம் ஒன்றரை லிட்டர் போலச் சிறுநீராக இறங்கும். வெயிலில் வேலை செய்யும் உடம்பு மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட வியர்வையை விடும். இரத்தம் கெட்டியாவதை மூளை கண்டுகொண்டதும் வாசோபிரெசின் என்ற ஹார்மோனைச் சுரக்கவிடுகிறது. “இன்னும் உறிஞ்சு” என்று சிறுநீரகத்துக்குச் சொல்வது இதன் வேலை. சிறுநீர் அரை லிட்டருக்கும் சுருங்கலாம். ஆனால் அதில் கரைந்து வெளியேற வேண்டிய கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் இவற்றின் அளவு அதே விகிதத்தில் சுருங்குவதில்லை. தூத்துக்குடி உப்பளத்துப் பாத்தியில் நீர் சுண்டச் சுண்ட, ஓர் எல்லை தாண்டியதும் உப்பு பூக்கிறதல்லவா, சிறுநீரகத்துக்குள்ளும் அதே வேதியியல்தான். சொல்லப்போனால் நம்மில் பலருடைய சிறுநீர் அந்த எல்லையை அன்றாடம் தாண்டுகிறது. சிட்ரேட்டும் சில புரதங்களும் படிகங்கள் கைகோத்துக்கொள்ளாமல் தடுத்து வைத்திருப்பதால் தப்பிக்கிறோம்.

இதில் கரிசல் காட்டு வெயிலுக்கு ஒரு சூது உண்டு. கடற்கரை ஊர்களில் வியர்த்தால் சட்டை நனைந்து முதுகில் ஒட்டும், வியர்த்தது தெரியும். சிவகாசியின் உலர்ந்த காற்றில் வியர்வை சுரந்த மாத்திரத்தில் ஆவியாகிவிடும். மாலையில் சட்டை முதுகில் வெள்ளையாக உப்புக்கோடு விழுந்திருக்கும், அவ்வளவுதான். “எனக்கு அவ்வளவா வேர்க்காது” என்று சொல்பவரும் லிட்டர் கணக்கில் இழந்திருப்பார்.

படிகம் எங்கே உட்காருகிறது என்பதை அமெரிக்க மருத்துவர் அலெக்சாண்டர் ராண்டல் 1930களில் தேடினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சடலங்களின் சிறுநீரகங்களை அறுத்துப் பார்த்ததில், சிறுநீர் சொட்டும் நுனிகளில் சுண்ணாம்பு போன்ற வெண்தடிப்புகள் சிலருக்கு இருந்தன. அவற்றில் சிலவற்றின் மேல் குட்டிக் கற்கள் ஒட்டியிருந்தன. பல பத்தாண்டுகள் கழித்து, உள்ளே கேமரா செலுத்திப் பார்த்தவர்கள் அதையே உயிருள்ளவர்களிடம் கண்டார்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் வரை கல் வலிக்காது. கழன்று, சிறுநீர்ப்பைக்குப் போகும் சிறுநீர்க்குழாயில் இறங்கும்போதுதான் ஆளைப் படுத்தும். அந்தக் குழாயின் உள்விட்டம் மூன்று நான்கு மில்லிமீட்டர். வழியில் மூன்று இடங்களில் இன்னும் குறுகல். குழாய் முறுக்கி முறுக்கித் தள்ளப் பார்க்கும், பின்னால் சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்கும். வலி விலாவில் தொடங்கித் தொடை இடுக்குக்கு ஓடுவதற்கு இதுதான் காரணம். ஐந்து மில்லிமீட்டருக்கு உட்பட்ட கல் என்றால் மூன்றில் இரண்டு தானாகவே விழுந்துவிடும்.

தானாக விழட்டும் என்று காத்திருக்கும்போது டாம்சுலோசின் மாத்திரை எழுதிக் கொடுப்பது உலகெங்கும் வழக்கம். குழாயின் தசையைத் தளர்த்தி வழிவிடச் செய்யும் என்பது நம்பிக்கை. பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடந்த ஒரு பெரிய ஆய்வு 2015-இல் வெளியானது. மாத்திரை சாப்பிட்டவர்கள், வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்கள் இரு தரப்பிலும் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேற்கொண்டு சிகிச்சை தேவைப்படவில்லை. குழாயின் கீழ்ப்பகுதியில் நிற்கும் சற்றுப் பெரிய கற்களுக்கு மாத்திரை உதவும் என்று வாதிடுவோர் இன்னும் இருக்கிறார்கள். சின்னக் கல்லுக்கு அது பெரும்பாலும் மனத்தெம்புதான்.

விழாத கல்லை என்ன செய்வது? ஒரு காலத்தில் விலாவை ஒரு சாண் நீளத்துக்குக் கீறித்தான் எடுப்பார்கள். அதை மாற்றியது ஒரு விமானக் கம்பெனி. ஜெர்மனியின் டோர்னியர் நிறுவனப் பொறியாளர்கள் அதிவேக விமானத்தில் மழைத்துளி மோதும்போது உலோகத்துக்குள் பாயும் அதிர்வலையை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். தண்ணீரும் தசையும் ஒலிக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி. எனவே தண்ணீருக்குள் எழும் அதிர்வலை தோலைப் பெரிதாகச் சேதப்படுத்தாமல் உடம்புக்குள் நுழையும். கல் வேறு சாதி. அங்கே போய்த்தான் அலை மோதும், கிழிக்கும். 1980 பிப்ரவரி 7 அன்று மியூனிக்கில் கிறிஸ்டியன் சௌசி குழுவினர் முதல் நோயாளியை ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். தொட்டியின் அடியில் நீள்வட்டக் கிண்ணம். நீள்வட்டத்துக்கு இரண்டு குவியங்கள் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள்: ஒன்றில் மின்பொறி வெடிக்கும், இன்னொன்றில் நோயாளியின் கல் வந்து நிற்கும்படி ஆளை நகர்த்துவார்கள். நூற்றுக்கணக்கான அடிகளில் கல் மணலாகிச் சிறுநீரோடு போனது. கத்தியே படவில்லை.

சிவகாசிக்காரர்கள் ரசிக்கக்கூடிய கதை இதற்குப் பின்னால் ஜப்பானில் நடந்தது. செண்டாயில் உள்ள தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் சிறுநீரக அறுவை மருத்துவர் மசாகி குவஹாராவும் அதிர்வலை ஆய்வாளர் கசுயோஷி தகயாமாவும் மின்பொறிக்குப் பதிலாக உண்மையான வெடிமருந்தையே கிண்ணத்தில் வைத்தார்கள். பத்து மில்லிகிராம் லெட் அசைடு, ஒரு முறைக்கு ஒரு மாத்திரை. சுரங்க டெட்டனேட்டரில் இருக்கும் அதே பொருள். கரிமருந்து வேகமாக எரியும், அவ்வளவே. லெட் அசைடு வெடித்தால் அதற்குள் ஒலியை விட வேகமான அலை ஓடும். கல்லை உடைக்கக் கூர்மையான அந்த அலைமுகம் தேவைப்பட்டது. 1980களில் அந்தக் கருவி நோயாளிகளுக்கும் பயன்பட்டது. பிறகு வந்த கருவிகள் மின்காந்தச் சுருளாலேயே அலையை எழுப்பக் கற்றுக்கொண்டன, தொட்டியும் தேவையற்றுப்போய் ஒரு தண்ணீர்ப் பை போதும் என்றாயிற்று. வெடிமருந்து அருங்காட்சியகத்துக்குப் போனது.

இன்று மதுரையிலோ விருதுநகரிலோ கல்லுக்குப் போகிறவரிடம் மருத்துவர் சொல்லும் வழிகள் பல. பெரிய கல்லென்றால் முதுகில் விரல் நுழையாத துளை போட்டு உள்ளே போய் உடைத்து எடுப்பது. இதை 1976-இல் ஸ்வீடனில் தொடங்கினார்கள். சிறியதென்றால் சிறுநீர் வரும் வழியிலேயே மெல்லிய குழாய் செலுத்தி லேசரால் பொடியாக்குவது. தழும்பே இருக்காது. முடிந்ததும் சிறுநீர்க்குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளாமலிருக்க இரண்டு முனையும் வளைந்த ஒரு பிளாஸ்டிக் குழலை உள்ளே விட்டு அனுப்புவார்கள், ஊர்ப்பேச்சில் ஸ்டென்ட். சில வாரங்களில் எடுத்துவிட வேண்டும். வலி போய்விட்டது, சீசன் வேலை இருக்கிறது, தீபாவளி முடியட்டும் என்று தள்ளிப் போட்டால் ஸ்டென்டின் மேலேயே புதுக் கல் படியும். மறந்துபோன ஸ்டென்டை எடுப்பது முதல் கல்லை எடுத்ததைவிடப் பெரிய வேலையாகிவிடும். டிஸ்சார்ஜ் சீட்டில் தேதியைப் பெரிதாக எழுதி, வீட்டுக்காரர்களிடமும் ஒருமுறை சொல்லி அனுப்புவது நல்லது.

இத்தனை சாமர்த்தியமும் கல்லை உடைப்பதில்தான். ஒருமுறை கல் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பத்தாண்டுகளுக்குள் மீண்டும் வருகிறது. உடைத்த இடத்தில் சிறுநீர் பழையபடியே சுண்டுகிறது, பிறகு ஏன் வராது?

எதனால் கல் வருகிறது என்று கேட்டால் ஊரில் பதில் தயாராக இருக்கும்: உப்புத் தண்ணி. ஆழ்குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தில் படியும் வெள்ளைக் காரையைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாமல் இருக்காது. ஆனால் குடலில் கால்சியம் இருந்தால் அது ஆக்சலேட்டை அங்கேயே பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடும். சிறுநீருக்கு வரும் ஆக்சலேட் குறையும். கடினநீருக்கும் கல்லுக்கும் உள்ள தொடர்பு அதனால் பலவீனமாகவே தென்படுகிறது. பாலை நிறுத்துங்கள் என்ற பழைய அறிவுரையையும் இதே காரணம் கவிழ்த்தது. 1993-இல் அமெரிக்காவில் 45,000-க்கு மேற்பட்ட ஆண்களின் உணவைப் பின்தொடர்ந்த ஆய்வில், உணவில் கால்சியம் அதிகம் சேர்த்தவர்களுக்கே கல் குறைவாக வந்தது. தக்காளி விதையைப் பற்றிய பயமோ ஆதாரமே இல்லாதது. தக்காளியைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டு, எண்ணெய்ப் புரோட்டாவுக்கு இரண்டாவது கரண்டி சால்னா கேட்கிறவரைப் பார்த்தால் அந்தச் சால்னாவின் உப்பைத்தான் எனக்குச் சுட்டிக்காட்டத் தோன்றும். சோடியம் கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும்.

வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில், பொங்கலுக்கு நிலையில் செருகும் சிறுபீளை எல்லாம் கல்லடைப்புக்கு இங்கே காலங்காலமாகக் கொடுக்கப்படுகின்றன. விலங்குகளிடம் சோதித்ததில் சில நம்பிக்கை தந்திருக்கின்றன. எப்படியும் ஒரு சொம்புக் கஷாயத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் நிச்சயம் இருக்கிறது. பலன் தந்தவற்றில் அதன் பங்கைக் குறைத்து மதிப்பிட நான் தயாராக இல்லை.

ஏனென்றால் தண்ணீரின் பங்கு நன்றாகச் சோதிக்கப்பட்டிருக்கிறது. இத்தாலியின் பார்மா நகரத்து மருத்துவர் லோரிஸ் போர்கி ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் தொடங்கினார். உலைக்கருகே வெக்கையில் நிற்பவர்களில் 8.5 சதவீதத்தினருக்குக் கல். அதே ஆலையில் சாதாரண வெப்பத்தில் வேலை செய்பவர்களில் 2.4 சதவீதம். இது 1993-இல் வெளியானது. மூன்று ஆண்டு கழித்து வந்தது இன்னும் முக்கியமானது. முதல் தடவையாகக் கல் வந்த 199 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரிடம் நாளொன்றுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் போகும்படி தண்ணீர் குடிக்கச் சொன்னார். மறுபாதியினருக்கு எந்த அறிவுரையும் இல்லை. ஐந்தாண்டில் முதல் பாதியில் 12 சதவீதத்தினருக்கும், மறுபாதியில் 27 சதவீதத்தினருக்கும் கல் திரும்பியது. இன்றைய மருத்துவ வழிகாட்டிகள் இந்த அளவை இரண்டரை லிட்டராக்கியிருக்கின்றன. கவனியுங்கள், குடிக்கும் தண்ணீர் இரண்டரை லிட்டர் அல்ல, போகும் சிறுநீர் இரண்டரை லிட்டர். வெயிலில் வேலை பார்ப்பவர் அதற்கு ஐந்தாறு லிட்டர் குடிக்க வேண்டியிருக்கலாம்.

பார்மாவின் கணக்கு நம்மூருக்கும் பொருந்துகிறது என்று காட்டியவர்கள் சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபால் குழுவினர். வெப்பத்தோடு காற்றின் ஈரம், அனல் கதிர்வீச்சு, காற்றோட்டம் எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் கருவியை வேலையிடத்தில் வைத்து, வேலைக்கு முன்னும் பின்னும் தொழிலாளரின் உடல் வெப்பத்தையும் சிறுநீரின் அடர்த்தியையும் எடுப்பது இவர்கள் பாணி. தென்னிந்திய இரும்பாலை ஒன்றின் தொழிலாளர்களைப் பற்றிய அவர்களது ஆய்வு 2020-இல் வெளியானது. ஸ்கேன் செய்யப்பட்ட 91 பேரில் நான்கில் ஒருவருக்கு மேல் சிறுநீரகத்தில் கல்.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது 2016-இல் அவர்கள் வெளியிட்ட இன்னொரு ஆய்வு. வெப்பம் மிகுந்த வேலைகளில் உள்ள 312 பெண்களை அது பார்த்தது. அவர்களில் 200 பேருக்கு வேலையிடத்தில் கழிப்பறை இல்லை அல்லது போதுமானதாக இல்லை. அந்த 200 பேரில் 87 சதவீதத்தினர் சிறுநீர், பிறப்புறுப்புத் தொல்லைகள் அவ்வப்போது வருவதாகச் சொன்னார்கள். பெண்ணின் சிறுநீர் வழி சில சென்டிமீட்டர்தான். குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியா எளிதில் ஏறிவிடும், அடிக்கடி கழுவிப்போக வேண்டிய சிறுநீர் பையில் தேங்கி நின்றால் அங்கே பெருகும். அடிக்கடி நீர்க்கடுப்பு வரும் 140 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வில், நாளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 தடவையும், அப்படிக் குடிக்காதவர்களுக்கு 3.2 தடவையும் நீர்க்கடுப்பு வந்தது. கழிப்பறைக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைத்தால் கல்லுக்கும் வழி, கிருமிக்கும் வழி.

கல்லையும் கிருமியையும்விட மௌனமாக வருவது ஒன்று உண்டு. நிகரகுவா, எல் சால்வடார் கரும்புத் தோட்டங்களில் சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ இல்லாத இளைஞர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஆந்திரத்தின் உத்தானம், இலங்கையின் வடமத்திய மாகாணம் ஆகியவற்றிலும் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் கிராமங்களை அரிக்கிறது. அங்கெல்லாம் வெயில் மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. தினமும் உடம்பு வறண்டு மறுபடி நிரம்புவது சிறுநீரக நுண்குழாய்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புண்ணாக்குகிறது என்ற கருத்து வலுத்து வருகிறது. தமிழ்நாட்டு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பார்த்த வித்யா வேணுகோபால் குழு, அவர்களில் 7 சதவீதத்தினரின் சிறுநீரக வடிதிறன் குறைந்திருக்கக் கண்டது. வலியே இல்லாமல் நடக்கும் சேதம் இது. சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று ஒரு காகிதப் பட்டையை நனைத்துப் பார்த்தால் ஆரம்பத்திலேயே சிலரைப் பிடிக்கலாம். தமிழக அரசு 2023-இல் தொடங்கிய ‘சிறுநீரகம் காக்கும் சீர்மிகு மருத்துவத் திட்டம்’ அதை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கே கொண்டுவந்தது.

கரும்புத் தோட்டங்களில் தீர்வாக முயன்றது மூன்றே விஷயம்: நிழல், குறித்த நேரத்தில் ஓய்வு, கைக்கெட்டும் தண்ணீர். சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. மின்விசிறி வைக்க முடியாத மருந்தறைக்கும் இந்த மூன்றில் எதற்கும் தடையில்லை. ஓய்வு நேரத்துக்கும் கூலி உண்டு என்று பீஸ் ரேட்டைத் திருத்தினால் தண்ணீர் தானாகவே உள்ளே போகும்.

அடிக்கடி கல் வருகிறவரிடம் மருத்துவர் ஒரு பரிசோதனை கேட்பார்: 24 மணி நேரச் சிறுநீர். காலை முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அதன்பின் மறுநாள் காலை முதல் சிறுநீர்வரை அத்தனையையும் ஒரு கேனில் பிடித்து லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். அளவு, கால்சியம், ஆக்சலேட், சிட்ரேட், சோடியம் எல்லாம் அதில் தெரியும். பட்டாசு ஆலை கேட்டில் அந்தக் கேனோடு எந்தப் பெண் போய் நிற்பார்? ஆகவே ஞாயிற்றுக்கிழமை பிடிப்பார். அன்று வீட்டில் நிழல், குடம் அருகில், கழிப்பறை பக்கத்தில். ரிப்போர்ட்டில் ஒன்றே முக்கால் லிட்டர் என்று வரும், “பரவால்லம்மா, இன்னும் கொஞ்சம் கூட்டிக் குடிங்க” என்பார் மருத்துவர். விவரம் தெரிந்த மருத்துவர் வேலை நாளில் ஒன்று, விடுமுறை நாளில் ஒன்று என இரண்டு கேன் கேட்பார். இரண்டாவது கேனைக் கேட்கும்போதே, ஆலையில் கழிப்பறை எவ்வளவு தூரம் என்றும் விசாரிப்பார்.